பாறையேறும் கூட்டத்தைக் குறும்படமாக்குவது எப்படி: சிங்கப்பூரில் முதல் படம் எடுப்பவர்களுக்கு

ஏதாவது ஒரு போல்டரிங் ஜிம்முக்கு, அதாவது கயிறில்லாமல் குட்டைச் சுவரில் ஏறும் இடத்துக்குப் போய் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். சுவரில் ஆள் தொங்கும் நேரம் ரொம்பக் குறைவு. ஒருவர் ஏறுவார், இருபது முப்பது நொடி தாக்குப்பிடிப்பார், விழுவார். அப்புறம் ஐந்து நிமிடம் மெத்தையில் உட்கார்ந்து விரலை ஊதிக்கொண்டு, பேர்கூடத் தெரியாத ஒருவர் "இடது காலை இன்னும் கொஞ்சம் மேல வச்சுப் பாருங்களேன்" என்று சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருப்பார். அந்த ஐந்து நிமிடம்தான் உங்கள் படம். பாறையேறும் சமூகத்தைக் கொண்டாடி ஒரு குறும்படம் எடுக்க வேண்டும் என்று கிளம்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேமராவைச் சுவர்ப்பக்கமே திருப்பி வைத்துக்கொள்கிறார்கள், கடைசியில் கையில் மிஞ்சுவது முதுகுகளும் கெண்டைக்கால்களும் நிறைந்த பத்து நிமிடம், பின்னணியில் அதிரடி இசை. ஏறியவர்களின் குடும்பத்தைத் தவிர அதை யாரும் முழுசாகப் பார்ப்பதில்லை.

இந்தக் கட்டுரை முதல்முறை எடுப்பவர்களுக்கு. ஃபிலிம் ஸ்கூல் படித்திருக்க வேண்டாம், பெரிய கேமரா வேண்டாம். சிங்கப்பூரில் இருக்கிறீர்கள், கையில் ஃபோன் இருக்கிறது, வாரம் ஒரு நாள் மாலை நேரம் கிடைக்கும் என்றால் போதும்.

கேமராவுக்கு முன்னால் காலணி

முதல் வேலை, நீங்களும் ஏறுங்கள். கெட்டிக்காரராக ஏற வேண்டியதில்லை. போல்டரிங்கில் கயிறு கிடையாது, சுவர் சுமார் நான்கு மீட்டர் உயரம், கீழே கனமான மெத்தை, காலணி வாடகைக்குக் கிடைக்கும், எப்படி விழ வேண்டும் என்று முதல் நாளே சொல்லித்தருவார்கள். கயிற்றுச் சுவர் என்றால் கொஞ்சம் கூடுதல் வேலை. கீழே நின்று கயிற்றைப் பிடித்துக் காப்பாற்றும் வேலைக்குப் பிலே என்று பெயர், அதைச் செய்ய இங்கே எஸ்என்சிஎஸ் என்ற சான்றிதழ் முறை இருக்கிறது. முதல் நிலை டாப் ரோப், கயிறு முன்பே மேலே மாட்டியிருக்கும். இரண்டாம் நிலை லீட், ஏறுபவரே கயிற்றை வழியில் மாட்டிக்கொண்டு போவார். கயிற்றுச் சுவர் ஏறுகிறவர்களைப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் முதல் நிலையையாவது முடித்துவிடுங்கள். கயிறு எந்தப் பக்கம் ஓடும், யார் எங்கே நிற்கக் கூடாது, எந்த நேரத்தில் பிலே பிடிப்பவரிடம் வாயே திறக்கக் கூடாது என்பதெல்லாம் அப்போதுதான் உடம்பில் ஏறும்.

இன்னொரு காரணமும் உண்டு. சில வாரம் தொடர்ந்து ஏறினால் நீங்கள் அங்கே 'கேமராக்காரர்' ஆக இருக்க மாட்டீர்கள், 'அந்தப் பச்சை ரூட்ல தினமும் விழறவர்' ஆகிவிடுவீர்கள். ரூட் என்றால் சுவரில் பிடிகளை வைத்து அமைத்த ஓர் ஏறும் வழி. அந்தப் பட்டம் கிடைத்த பிறகு கேமராவை வெளியே எடுங்கள். வித்தியாசம் முகங்களில் தெரியும்.

பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது

படம் எடுக்கும் முன் கொஞ்சம் படம் பார்க்க வேண்டும். பாறையேற்றப் படங்களுக்கென்றே ஒரு தனி உலகம் இருக்கிறது. கனடாவின் பான்ஃப் மலைத் திரைப்பட விழா 1976இல் தொடங்கியது. அமெரிக்காவிலிருந்து 2006 முதல் ரீல் ராக் என்ற பெயரில் ஆண்டுதோறும் ஒரு தொகுப்பு ஊர் ஊராகச் சுற்றிவருகிறது. இவற்றில் வந்த குறும்படங்களில் நாலைந்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை ஒலியை அணைத்துவிட்டு. அப்போது ஏறும் காட்சி எவ்வளவு நேரம், தரையில் நடப்பது எவ்வளவு நேரம் என்று ஒரு தாளில் குறியுங்கள். இரண்டாவது தடவை படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். பாறையில் ஷூ உரசும் சத்தம், மூச்சு, கீழேயிருந்து வரும் கத்தல், இவ்வளவையும் வைத்தே ஒருவர் விழப்போகிறாரா இல்லையா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

பெரிய மலை, பெரிய பனி, பெரிய வீரர் என்று எடுக்கும் படங்களைப் பார்த்து மலைத்துப்போக வேண்டாம். நம் தீவின் உச்சி புக்கிட் தீமா, 164 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இங்கே அந்த மாதிரிப் படம் எடுக்க முடியாது, எடுக்கவும் வேண்டாம். இங்கே இருப்பது வேலை முடிந்து எம்ஆர்டியில் வந்து, அலுவலகச் சட்டையை லாக்கரில் திணித்துவிட்டு, இரவு பத்து மணிவரை பிளைவுட் சுவரோடு மல்லுக்கட்டும் மனிதர்கள். அது நமக்கே உரிய படம், வேறு யாரும் வந்து எடுத்துத் தரமாட்டார்கள்.

யாரைப் பற்றி?

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். 'எங்கள் ஜிம்மின் சமூகம்' என்று மொத்தமாக எடுக்கப் போனால் எல்லாரும் இரண்டிரண்டு வரி பேசுவார்கள், எல்லாரும் "இது ஒரு குடும்பம் மாதிரி" என்பார்கள், படம் விளம்பரமாகிவிடும். ஓர் ஆள், ஒரு சுவர், ஒரு மாலை என்று சுருக்குங்கள். சுருக்கினால் கூட்டம் தானாக உள்ளே வரும்.

ரொம்ப வலிமையாக ஏறுபவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவர் ஏறிவிடுவார், கதை முடிந்துவிடும். ஒரே ரூட்டில் பல வாரமாகத் தோற்றுக்கொண்டிருப்பவரைப் பாருங்கள். அவரைச் சுற்றி எப்போதும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள், ஒருவர் பல்விளக்கும் பிரஷ் மாதிரி ஒன்றை நீளக் கம்பில் கட்டி அவருக்காகப் பிடிகளில் ஒட்டிய, கை வழுக்காமலிருக்கப் பூசும் சாக்பொடியைத் தேய்த்து எடுத்துக்கொண்டிருப்பார். அந்தப் பிரஷ் பிடித்தவரைக் கவனியுங்கள். ஏறப்போவது வேறொருவர், இவர் சுத்தம் செய்கிறார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, நன்றியும் சொல்ல மாட்டார்கள். எனக்கு இந்த ஒரு காட்சியே முழுப் படத்துக்குப் போதும் என்று தோன்றும்.

ரூட் செட்டர்கள் இன்னொரு நல்ல வாசல். சுவரில் வண்ணப் பிடிகள் தானாக முளைப்பதில்லை. சுவரின் ஒரு பகுதியை மூடிவிட்டுப் பழைய பிடிகளையெல்லாம் டிரில் வைத்துக் கழற்றி, வாளி வாளியாகக் கொண்டுபோய்க் கழுவி, ஓட்டை ஓட்டையாக நிற்கும் வெற்றுப் பலகையில் புதிதாக ஒரு புதிரைக் கட்டுகிறார்கள். ஒரு பிடியை இரண்டு விரல் அகலம் திருப்பி வைக்கலாமா வேண்டாமா என்று இரண்டு செட்டர்கள் ஏணியில் நின்றபடி கால் மணி நேரம் வாதாடுவதைக் கேட்டிருக்கிறேன். குள்ளமானவர்களுக்குக் கை எட்டுமா, உயரமானவர்கள் ஒரே தாவில் ஏமாற்றிவிடுவார்களா என்பதுதான் வாதம். வாடிக்கையாளர்கள் மேல் அவர்களுக்கு இருக்கும் அக்கறையும் குறும்பும் ஒரே நேரத்தில் அங்கே தெரியும்.

வேறு யார்? புலாவ் உபினில் 1967 முதல் இயங்கும் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளிக்கு மாணவராகப் போய், அங்கே பயந்து நடுங்கியது மறக்காமல் பிற்பாடு தானாக இந்தப் பக்கம் வந்தவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையை வகுப்புக்கு அழைத்து வந்து, காத்திருந்த நேரத்தில் தானும் தொடங்கிய பெற்றோர் இருக்கிறார்கள். உயரமான கட்டடங்களில் கயிற்றில் இறங்கி வேலை செய்யும் நம் ஊர் அண்ணன்மார்களைப் பற்றி யாராவது படம் எடுக்க மாட்டார்களா என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. கயிறு, இடுப்பில் மாட்டும் ஹார்னஸ் பட்டை, முடிச்சு எல்லாம் ஒன்றுதான், விளையாட்டுக்கு வருகிறவரும் பிழைப்புக்குத் தொங்குகிறவரும் ஒரே சுவரில் சந்தித்தால் என்ன பேசுவார்கள் என்று கேட்க வேண்டும். அதற்கு முதலாளியின் அனுமதி, ஓய்வு நாள் என்று நிறையச் சிக்கல் உண்டு. இரண்டாவது படத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேட்காமல் எடுக்காதீர்கள்

ஜிம் நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். மின்னஞ்சலில் நாலு வரி போதும்: என்ன படம், எந்த நாள், எத்தனை பேர், எங்கே வெளியிடுவீர்கள். வார நாள் மதியம் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், சனி ஞாயிறு கேட்டால் யோசிப்பார்கள். மெத்தையின்மேல் முக்காலி வைக்கக் கூடாது என்று சொல்வார்கள், அது அவர்களுடைய கெடுபிடி இல்லை, மேலேயிருந்து விழுகிறவர் அதன்மேல் விழுவார்.

ஆட்களிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். பின்னணியில் வருகிறவர்களுக்குத் தெரியும்படி வாசலில் 'இன்று இங்கே படப்பிடிப்பு, முகம் வர வேண்டாம் என்றால் சொல்லுங்கள்' என்று ஒரு தாள் ஒட்டுங்கள். சிறுவர்கள் என்றால் பெற்றோரின் கையெழுத்து இல்லாமல் ஒரு ஃபிரேம்கூட வேண்டாம். ஹிஜாப் அணிந்து ஏறுகிற பெண்கள், உடற்பயிற்சி உடையில் இருக்கும் பெண்கள் எல்லாரும் எந்தக் கோணம் தங்களுக்குச் சரி என்று சொல்லும் வாய்ப்பைக் கொடுங்கள். கீழேயிருந்து மேலே பார்த்து எடுக்கும் கோணத்தைப் பற்றிப் பலர் வெளியே சொல்லாமல் சங்கடப்படுவார்கள். எடுத்ததை அங்கேயே ஃபோனில் காட்டிவிட்டால் பாதிச் சங்கடம் போய்விடும்.

கேமரா இருப்பதே ஏறுபவரை மாற்றிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவில் யோசெமிட்டியின் எல் கேப்பிட்டன் பாறையில் 2017 ஜூன் 3ஆம் தேதி அலெக்ஸ் ஹானல்ட் கயிறில்லாமல் ஏறியதைப் படமாக்கியவர்கள், மிக ஆபத்தான பகுதியில் ஆள் நிற்காமல் தொலைவிலிருந்து இயக்கும் கேமராவை வைத்தார்கள். நம் ஜிம்மில் உயிர் போகாதுதான், ஆனாலும் கேமரா பார்க்கிறதே என்று வீம்புக்கு இன்னொரு தடவை தாவி விரல் நரம்பைச் சுண்டிக்கொள்கிறவர்கள் உண்டு. "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று நீங்கள் ஒருபோதும் கேட்காதீர்கள். கிடைத்தது போதும்.

கருவி: இருப்பதே போதும், ஆனால் இதைக் கவனியுங்கள்

படம் ஃபோனில் எடுக்கலாம். ஆனால் ஒரு தொழில்நுட்ப விஷயம் தெரியாவிட்டால் ஜிம்முக்குள் எடுத்த எல்லாமே பாழாகும். சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல ஜிம் விளக்குகள் அதற்கேற்ப நொடிக்கு நூறு தடவை மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஃபோன்கள் வழக்கமாக நொடிக்கு 30 அல்லது 60 ஃபிரேமில் எடுப்பதால் படத்தில் சாம்பல் பட்டைகள் மேலும் கீழும் நகரும். தீர்வு எளிது: நொடிக்கு 25 அல்லது 50 ஃபிரேம் வைத்து, ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் பூட்டிவிடுங்கள். ஐஃபோனில் இந்த 25 ஃபிரேம் வழக்கமான பட்டியலில் தெரியாமல் போகலாம், அமைப்புகளில் கேமராவுக்குள் போய் பிஏஎல் வடிவங்களைக் காட்டச் சொல்ல வேண்டும். மற்ற ஃபோன்களில் புரோ முறை இருக்கும், அல்லது அதற்கென்று செயலி இருக்கிறது.

ஸ்லோ மோஷன் ஆசை எல்லாருக்கும் வரும். நொடிக்கு 120 ஃபிரேமில் ஷட்டரை 1/100இல் வைக்க வழியே இல்லை, அதனால் உள்ளரங்கில் பட்டை வந்தே தீரும். கேமராவில் நொடிக்கு 100 ஃபிரேம் இருந்தால் தப்பிக்கலாம், இல்லையென்றால் ஸ்லோ மோஷனைப் பகல் வெளிச்சத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் முழுப் படத்துக்கும் ஒரு ஸ்லோ மோஷன் போதும், அதுவும் சாக்பொடி பறக்கும் காட்சிக்கு வேண்டாம். அதை எல்லாரும் எடுத்துவிட்டார்கள்.

காசு செலவழிக்கலாம் என்றால் மைக்கில் செலவழியுங்கள். நம் ஜிம்களில் ராட்சத மின்விசிறிகள் ஓடும், மேலே பாட்டு ஓடும், பக்கத்தில் பிறந்தநாள் கொண்டாட்டக் கூட்டம் இருக்கும். ஃபோன் மைக் இவை எல்லாவற்றையும் ஒரே கூழாக்கித் தரும். சட்டையில் மாட்டும் சின்ன மைக் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். மைக் மாட்டிக்கொண்டு ஏறினால் கயிறும் ஹார்னஸும் உரசும், ஆகவே ஏறுபவருக்கு வேண்டாம், கீழே நின்று கத்துகிறவருக்கு மாட்டுங்கள். ஏறும் காட்சியின்மேல் அவருடைய குரல் வந்தால் போதும், பார்ப்பவர்களுக்கு வயிறு கலங்கும். ஜிம் பாட்டைப் பத்து நிமிடம் நிறுத்தித் தருவார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். அப்படிக் கிடைத்தால் யாரையும் பேசவிடாமல் ஒரு நிமிடம் வெறும் அரங்கின் ஒலியைப் பதிவு செய்யுங்கள், எடிட்டில் வெட்டுகளை மறைக்க அதுதான் கைகொடுக்கும்.

சாக்பொடி லென்ஸில் படிந்தால் சட்டையால் துடைக்காதீர்கள், கீறல் விழும். ஊதுகுமிழால் ஊதிவிட்டு அப்புறம் துணி. குளிர்சாதன அறையிலிருந்து வெளியே எடுத்தவுடன் லென்ஸ் பனித்துப்போகும், சிங்கப்பூரில் வாழ்கிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, கண்ணாடி போடுகிறவர்களுக்கு அறவே தேவையில்லை. பைக்குள்ளேயே இருபது முப்பது நிமிடம் விட்டுவிட்டுப் பிறகு திறங்கள்.

எங்கே நிற்பது

கீழே நின்று மேலே பார்த்து எடுத்தால் பின்பக்கம்தான் கிடைக்கும், முகம் கிடைக்காது. சுவரின் பக்கவாட்டில் போங்கள், பிடியைப் பிடிக்கும் விரலும் முகமும் ஒரே ஃபிரேமில் வரும். இரண்டாம் மாடியிலிருந்து பார்க்கும் வசதி உள்ள ஜிம் என்றால் இன்னும் நல்லது. சில போல்டரிங் சுவர்களின் உச்சியில் ஏறி நிற்கலாம், நிர்வாகம் விட்டால் அங்கே உட்கார்ந்து மேலே வருகிறவரின் கண்களை எடுங்கள்.

கயிற்றில் தொங்கிக்கொண்டு எடுப்பது பார்க்க வீரமாக இருக்கும். முதல் படத்தில் வேண்டவே வேண்டாம். அதற்குத் தனிக் கயிறு, ஏறும் கருவி, கட்டித்தர அனுபவமுள்ள ஆள் எல்லாம் தேவை. எப்போதாவது உயரத்தில் போனால் கேமரா, லென்ஸ் மூடி, ஃபோன் எல்லாவற்றையும் உங்கள் உடம்போடு கயிறு போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். பத்து மீட்டரிலிருந்து விழும் ஃபோன் கீழே இருப்பவர் மண்டையை உடைக்கும்.

அப்புறம், பிலே பிடித்துக்கொண்டிருப்பவரிடம் பேட்டி எடுக்காதீர்கள். ஒரு கேள்விகூட வேண்டாம். அவர் முகத்தைத் தூரத்திலிருந்து எடுங்கள், கழுத்தை அண்ணாந்து, வாய் லேசாகத் திறந்து, மேலே இருப்பவரைவிட அதிகமாகப் பதறிக்கொண்டிருப்பார். கயிற்றுச் சுவரில் ஆகச் சிறந்த முகம் அதுதான்.

பேச வைப்பது

"பாறையேறுதல் உங்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தது?" என்று கேட்டால் விளம்பரப் பலகை வாசகம்தான் வரும். கேள்வியை ஒரு பிடியில், ஒரு காயத்தில், ஒரு நாளில் கொண்டுபோய் நிறுத்துங்கள். எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, ஈசூன் பக்கம், நாற்பதைத் தாண்டி ஏற ஆரம்பித்தவர். அவரிடம் என் நண்பன் பொதுவாக என்னென்னவோ கேட்டுப் பார்த்தான், எல்லாவற்றுக்கும் "நல்லா இருக்கு தம்பி" என்றே பதில் வந்தது. கடைசியில், "அந்த மஞ்சள் பிடியில தொங்கும்போது யாரையோ திட்டினீங்களேக்கா, யாரை?" என்று கேட்டான். "திட்டலப்பா, என் பொண்ணு பேரைச் சொன்னேன். என் பேச்சைக் கேக்காத பிடிக்கெல்லாம் அவ பேர்தான்." அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. வீடு, வேலை, மகள், முழங்கால் வலி எல்லாம் வந்தது.

பேட்டியை ஏறி முடித்த உடனே எடுக்காதீர்கள், மூச்சு வாங்கும். ரொம்பத் தள்ளியும் போடாதீர்கள், வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வந்தால் மேடைப் பேச்சாகிவிடும். காலணியைக் கழற்றிக் கால் விரலை நீவிக்கொண்டிருக்கும் நேரம் சரியான நேரம். சாப்பிடப் போகிறார்கள் என்றால் கூடவே போங்கள். ஏறி முடித்த கூட்டம் கோப்பிக்கடையில் உட்கார்ந்து, தேய்ந்த விரல் நுனியால் சூடான கிளாஸைப் பிடிக்க முடியாமல் தேத்தாரிக்கை உறிஞ்சுவதை எடுக்காமல் படம் முடியாது.

மொழி பற்றி ஒன்று. நம்மவர்கள் ஜிம்மில் தமிழும் சிங்லிஷும் கலந்துதான் பேசுவார்கள், "அலே" என்று ஒருவர் கத்துவார், "ஜியாயோ" என்று இன்னொருவர், நடுவில் ஒரு குரல் "விடாத விடாத விடாத" என்று வரும். கேமராவுக்காகத் தூய தமிழில் பேசச் சொல்லாதீர்கள், ஆளே மாறிவிடுவார். ஆனால் தமிழ் தெரிந்தவரிடம் கேள்வியைத் தமிழில் கேளுங்கள். பதில் பாதி ஆங்கிலத்தில் வந்தாலும் பரவாயில்லை, உணர்ச்சி வருகிற இடத்தில் தமிழுக்குத் திரும்பிவிடுவார்கள்.

வெளியே போனால்

இயற்கைப் பாறை வேண்டும் என்றால் சிங்கப்பூரில் போக வேண்டிய இடம் டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காதான், ஹில்வியூ எம்ஆர்டியிலிருந்து நடக்கலாம். பழைய கல்குவாரியின் கருங்கல் சுவர். போகும் முன் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையப்பக்கத்தில் அன்றைய நிலவரமும் ஏறுவதற்கும் படம் எடுப்பதற்கும் உள்ள நிபந்தனைகளும் பாருங்கள், அங்கே அடிக்கடி ஏறும் ஒருவரோடு போங்கள். ட்ரோன் பறக்கவிடும் எண்ணம் இருந்தால் பூங்காவுக்குத் தனியாகக் கேட்க வேண்டும், 250 கிராமுக்கு மேல் எடையுள்ள ட்ரோன் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பறவைகளும் குரங்குகளும் வாழும் இடத்தில் அந்த இரைச்சல் எதற்கு என்பது என் கட்சி.

குரங்கு என்றதும் நினைவுக்கு வருகிறது, பிளாஸ்டிக் பை கொண்டு போகாதீர்கள். நீண்டவால் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு. உள்ளே பேட்டரியா பிஸ்கட்டா என்று அவை பார்த்துக்கொண்டிருக்காது. எல்லாவற்றையும் ஜிப் வைத்த முதுகுப்பையில் போட்டு மூடிவையுங்கள்.

காலையில் போங்கள். சூரியன் ஏறக்குறைய ஏழு மணிக்கு எழுந்து ஏழு மணிக்கு விழுகிற ஊர் இது, ஆண்டு முழுக்க அப்படித்தான். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் மாலைப் பொன்வெளிச்சம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். நடுப்பகலில் வெயில் நேர்மேலே நின்று கண்குழிகளைக் கறுப்பாக்கும், பிற்பகலில் இடி மின்னல். மின்னல் என்றால் பேச்சே இல்லை, இறங்கிக் கிளம்ப வேண்டியதுதான். டிசம்பர் ஜனவரி மழையில் பாறை காய நாளாகும்.

நம் கூட்டம் விடுமுறைக்குப் பத்துமலைப் பக்கம் போகிறது என்றால் கூடவே தொற்றிக்கொள்ளுங்கள். முருகன் கோயில் இருக்கும் அதே சுண்ணாம்புக் குன்றின் வேறு பக்கங்களில் போல்ட் அடித்த பாறையேற்றச் சுவர்கள் இருக்கின்றன, குவா டாமாய் அதில் தெரிந்த பெயர். தைப்பூசத்துக்குக் காவடி பார்க்கப் போன குன்றில் கயிறு கட்டி ஏறுவது பற்றி நம்மவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும், கேட்டுப் பாருங்கள். கோயில் வளாகத்துக்குள் படப்பிடிப்பு என்றால் அது வேறு அனுமதி.

எடிட்

முதல் படம் ஐந்திலிருந்து எட்டு நிமிடத்துக்குள் இருக்கட்டும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். முதலில் பேச்சை மட்டும் வரிசைப்படுத்துங்கள், படமே இல்லாமல் கேட்டால் கதை புரிகிறதா என்று பாருங்கள். புரிந்தால் அதன்மேல் காட்சிகளை அடுக்குங்கள். விழுகிற காட்சிகளைத் தாராளமாக வையுங்கள், வெற்றிகரமாக முடிக்கும் காட்சி ஒன்று போதும், இல்லாவிட்டாலும் போதும். ஒருவர் விழுந்ததும் உடனே வெட்டாதீர்கள். மெத்தையில் கிடந்து மேலே பார்த்துச் சிரிப்பாரே, அதுவரை ஓடவிடுங்கள்.

சினிமாப் பாட்டைப் போடாதீர்கள். எவ்வளவு பொருந்தினாலும் வேண்டாம். யூடியூப் அடையாளம் கண்டுபிடித்துவிடும், பொதுத் திரையிடலில் பாட்டுரிமைக்குக் காம்பாஸ் அமைப்பு இருக்கிறது, படத்தோடு சேர்க்கும் உரிமை அது போக இன்னொன்று. அதற்குப் பதில் மிருதங்கமோ கடமோ வாசிக்கும் ஒருவரைப் பிடித்து, படத்தைப் போட்டுக்காட்டி, கை போன போக்கில் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். நம் குடும்பங்களில் அப்படி ஒருவர் இல்லாமல் இருக்க மாட்டார். விரல்கள் பேசும் படத்துக்கு விரல்கள் பேசும் வாத்தியம் நன்றாகப் பொருந்தும்.

வசன வரிகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் போடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம், ஆகவே பேசியதை அப்படியே எழுதாமல் சுருக்குங்கள், இரண்டு வரியைத் தாண்ட வேண்டாம். சில எடிட்டிங் மென்பொருள்கள் தமிழ் எழுத்தை உடைத்துவிடும். வேலை தொடங்கும் முன் 'கொ', 'கௌ', 'ஸ்ரீ' மூன்றையும் தட்டிப் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறிப் புள்ளி வட்டம் தெரிந்தால் அமைப்பை மாற்ற வேண்டும். பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் எழுத்து அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவு இருக்கிறது. "விடாத விடாத" போன்ற கத்தல்களுக்கு வசன வரி தேவையில்லை. எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

காட்டுவது

முதல் திரையிடல் அந்த ஜிம்மிலேயே நடக்கட்டும். மூடும் நேரத்துக்குப் பிறகு ஒரு புரொஜெக்டர், ஒரு வெள்ளைத் துணி, உட்கார மெத்தை ஏற்கெனவே இருக்கிறது. சுவரிலேயே நேரடியாகப் போடலாமே என்று தோன்றும், வண்ணப் பிடிகள் முகங்களில் பரு மாதிரி தெரியும், துணி கட்டுங்கள். முந்தின நாளே போட்டுப் பாருங்கள், அந்தக் கூரையில் எதிரொலி அதிகம். படத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் அதற்கு முன்பே ஒரு தடவை காட்டி, யாருக்காவது ஏதாவது உறுத்துகிறதா என்று கேட்டுவிடுங்கள்.

பொதுமக்களை அழைத்துக் காட்டுவதானால் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் வகைப்படுத்தல் விதிகள் குறுக்கே வரும். அவர்களுடைய இணையப்பக்கத்தில் உங்கள் திரையிடலுக்கு என்ன தேவை என்று பார்த்துவிட்டுத் தேதி வையுங்கள். விழும்போது வாயில் வருகிற வார்த்தைகளையும் இந்த நேரத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ், ஹொக்கியன், ஆங்கிலம் எதுவாக இருந்தாலும் எண்ணிக்கை கூடினால் வகையும் ஏறும், அப்புறம் அந்த ஜிம்மில் ஏறும் பிள்ளைகளே படத்தைப் பார்க்க முடியாமல் போகலாம்.

சமூக மன்றங்களில் கேட்டுப் பாருங்கள், அரங்கு கிடைக்கும். மிடில் ரோட்டில் உள்ள அப்ஜெக்டிஃப்ஸ் என்ற புகைப்பட, திரைப்பட மையம் குறும்படக்காரர்களுக்கு நல்ல இடம், பயிலரங்குகளும் நடத்துகிறார்கள். 1987இல் தொடங்கிய சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழாவில் தென்கிழக்காசியக் குறும்படங்களுக்குப் போட்டி உண்டு, போட்டி கடுமைதான், அனுப்பினால் குறைந்துபோவதில்லை. ஆனால் எந்த விழாவுக்கு அனுப்புவதானாலும் முதலில் விதிமுறையைப் படியுங்கள். ஏற்கெனவே இணையத்தில் வந்த படத்தைச் சில விழாக்கள் எடுப்பதில்லை, அதனால் யூடியூபில் ஏற்றுவதை அதுவரை தள்ளிப்போடுங்கள். நண்பர்கள் நச்சரிப்பார்கள், கடவுச்சொல் போட்ட இணைப்பை அனுப்பிச் சமாளியுங்கள். எடுத்த மூலக் காட்சிகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்து, ஒன்றை ஜிம்மிடமே கொடுத்துவிடலாம். செட்டர்கள் தாங்கள் கழற்றிப்போட்ட பழைய ரூட்டுகளைப் பார்க்க நிச்சயம் கேட்டு வருவார்கள்.